சிவப்படித்த தெருவிலிருந்து

என் செல்ல மகளுக்கு,

அம்மா ஆசையோடும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலான கோபத்தோடும் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம். அப்பாவுக்கு முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, மற்றபடி வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, இடையிடையே என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு நன்றாகவே இருக்கிறார். நீ சுகம்தானா, அந்த இருமல் விட்டதா, இல்லை இன்னும் மாத்திரையைப் பையிலேயே வைத்து ஊர் சுற்றிக் காட்டிக்கொண்டிருக்கிறாயா? இதையெல்லாம் போனில் கேட்கலாம்தான். ஆனால் கோபத்தில் பேசினால் எனக்குப் பாதி வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும், மீதிப் பாதியை நீ நடுவில் புகுந்து திருத்துவாய். காகிதம் என்றால் நான் முடிக்கும்வரை குறுக்கே பேசாது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

நீ அனுப்பிய படம் வந்தது. போலீஸ் வெளியிட்ட குற்றக் கணக்கை எடுத்து, எந்தத் தெருவில் எத்தனை என்று பிரித்து, குறைவாக இருந்தால் பச்சை, கூடுதலாக இருந்தால் சிவப்பு என்று யாரோ வேலையற்ற புண்ணியவான் வண்ணமடித்து வைத்திருக்கிறான். அதில் நம் தெரு பழுத்த மிளகாய் மாதிரி இருக்கிறது. அதன் கீழே நீ எழுதியிருந்த உத்தரவுகளையும் படித்தேன். மாலை வகுப்புகளை நிறுத்திவிட வேண்டுமாம், வீட்டைக் கைமாற்றிவிட்டு மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் மதில் கட்டிய அடுக்குமாடிக்குப் போய்விட வேண்டுமாம், அங்கே எல்லாம் பச்சையாம், எண்கள் பொய் சொல்லாதாம். உன் அப்பா மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி, படத்தை விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கி, கடைசியில் நம் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார். நம்ம தெரு எவ்வளவு பளிச்சுனு தெரியுது பாரு என்று என்னிடமே பெருமையாகக் காட்டினார். அவரை நான் என்ன செய்யட்டும் சொல்.

மாலை வகுப்பை நிறுத்து என்று ஒரே வரியில் எழுதிவிட்டாய். என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பாதிப்பேர் வேலை முடிந்து மாலையில்தான் வர முடியும் என்பது உனக்குத் தெரியாதா? நீயே காலேஜ் விட்டு வந்து பின் சீட்டில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தவள்தானே. ஸ்டீயரிங்கைத் தொட்டாலே கை நடுங்குகிற பெண்களை உட்காரவைத்து, என் காலடியில் இருக்கிற தனி பிரேக்கை நம்பி, இந்தச் சிவப்புத் தெருக்களில்தான் இத்தனை வருஷமாக ஓட்டவைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு படத்தைப் பார்த்து அம்மாவுக்கு ரிவர்ஸ் கியர் போடச் சொல்கிறாயே, உனக்கு எங்கிருந்து இந்தத் துணிச்சல் வந்தது?

சரி, கோபத்தில் மட்டும் பேசக்கூடாது, விஷயத்தைத் தெரிந்துகொண்டு கோபப்படுவோம் என்று ஸ்டேஷனுக்கே போனேன். உண்மையைச் சொன்னால் சண்டை போடத்தான் போனேன். யார் எங்கள் தெருவுக்குச் சிவப்படித்தது என்று கேட்டபடியே நுழைந்தேன். அங்கே புகார் எழுதுகிற பெண் ஒருத்தி இருக்கிறாள், எப்போதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு மேஜை முழுக்க அதையே தேடுகிறவள். அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி, பேர் விவரம் எதையும் காட்டாமல் நம் தெருவின் கணக்கை மட்டும் பிரித்துச் சொன்னாள். வாசல் குழாய்களைக் கழற்றிக்கொண்டு போனது, ஸ்கூட்டர் பேட்டரி திருட்டு, கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினான் என்று கட்டிப் புரண்டது, இப்படிப் பாதி. மீதியில் பெரும்பங்கு முனையில் இருக்கிற பஸ் நிறுத்தத்தில் பறிபோன போன்கள். ஊரே வந்து பஸ் மாறுகிற நிறுத்தம் நம் முனையில் இருந்தால் ஊர் தொலைக்கிற போனெல்லாம் நம் தெருக் கணக்கில்தானே விழும்! அத்தனை பேர் வந்து போகிற இடத்தில் எத்தனை பேருக்கு என்று பங்கு போட்டுப் பார்த்தாயா நீ? படத்தில் பங்கெல்லாம் கிடையாது, மொத்தமாக ஒரு புள்ளிக் கூட்டம், அவ்வளவுதான்.

அதைவிட இன்னொன்று சொன்னாள். இந்த வட்டாரத்திலேயே ஒண்ணு விடாம எழுதிக் கொடுக்கிறது உங்க தெருப் பொம்பளைங்கதான் மேடம், மத்த தெருவுல பாதிப்பேர் இந்தப் படியே ஏற மாட்டாங்க என்றாள். அது எப்படி வந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? விளக்குக் கம்பம் கேட்டு நாங்கள் அலுவலகம் அலுவலகமாக அலைந்தபோது, உங்க தெருவிலிருந்து ஒரு புகார்கூட இல்லையே, அப்புறம் எதுக்கு விளக்கு என்று திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்குத்தான் நாங்கள் பெண்களெல்லாம் கூடி, இனிமேல் குழாய் போனாலும் சரி, கொலுசு போனாலும் சரி, எழுதிக் கொடுக்காமல் விடுவதில்லை என்று முடிவெடுத்தோம். எழுதினோம், விளக்கு வந்தது. இப்போது அந்த எழுத்தே எங்கள் தலையில் சிவப்பாக வந்து விடிந்திருக்கிறது. வாயைத் திறந்தவளுக்குத்தான் வசை என்பது சரியாகத்தான் இருக்கிறது.

நீ சொன்ன அந்தப் பச்சைக் குடியிருப்பைப் பற்றியும் கேள். அங்கிருந்து ஒரு வங்கி ஊழியை என்னிடம் ஓட்டக் கற்றுக்கொண்டாள். புதுக் கார் வாங்கிவிட்டு அதை வெளியே ரோட்டில் நிறுத்துகிறாள். கீழே அவ்வளவு பெரிய நிறுத்துமிடம் இருக்கும்போது வெயிலில் ஏன் காய விடுகிறாய் என்று கேட்டதற்கு முதலில் மழுப்பினாள், பிறகு மெல்லச் சொன்னாள். அந்த நிறுத்துமிடத்தில் அதே கட்டிடத்தில் குடியிருக்கிற ஒருவன் இரண்டு தடவை வழிமறித்தானாம். செயலாளரிடம் சொன்னதற்கு, ஸ்டேஷன் கீஷன்னு போனா நம்ம பில்டிங் பேரு கெட்டுடும், நான் கூப்பிட்டுக் கண்டிச்சுடறேன் என்று சொல்லி முடித்துவிட்டாராம். முழுப் பூசணிக்காய் அப்படியே சோற்றுக்குள் போய்விட்டது, படத்தில் பச்சை வந்துவிட்டது. அங்கேதான் என்னைக் குடிபோகச் சொல்கிறாய். எண்கள் பொய் சொல்லாது என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இத்தனை பேர் எழுதினார்கள் என்று அது சொல்வதை இத்தனை பேருக்கு நடந்தது என்று நீ படித்துக்கொண்டால் அது எண்ணின் குற்றமா? பக்கக் கண்ணாடியில் வண்டி தெரியவில்லை என்பதற்காக ரோடு காலி என்று திருப்பிவிடாதே, கழுத்தைத் திருப்பிப் பார் என்று முதல் வகுப்பிலேயே சொல்லித் தருகிறேன், நீயும் கேட்டுத்தான் லைசென்ஸ் வாங்கினாய்.

இந்த லட்சணத்தில் நம் தெருச் சங்கத் தலைவர் இருக்கிறாரே, பூட்டு மாமா, அவருக்குப் பெரிய யோசனை ஒன்று உதித்தது. அவரை மறந்திருக்க மாட்டாய், கேட்டுக்கு மூன்று பூட்டு, அந்த மூன்று சாவியும் இருக்கிற பெட்டிக்கு நாலாவது பூட்டு போடுகிறவர். அவர் வீட்டை விற்கப் பார்க்கிறார். வாங்க வந்தவன் உன்னைப் போலவே அந்தப் படத்தைப் போனில் நீட்டிக் காட்டிவிட்டு, கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டானாம். உடனே கூட்டம் போட்டார். இனி யாரும் ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம், என்ன நடந்தாலும் எழுதிச் சங்க அறையில் இருக்கிற பெட்டியில் போடுங்கள், நமக்குள் பேசித் தீர்த்துக்கொள்வோம், கொஞ்ச நாளில் நம் தெரு தானாகப் பச்சையாகிவிடும் என்றார். பெட்டிக்கும் பச்சை வண்ணமே அடித்திருந்தார், அதற்கும் ஒரு பூட்டு. ஜுரம் குறையவில்லை என்று தெர்மாமீட்டரைத் தண்ணீரில் முக்கி எடுக்கிற கூட்டம் இது என்று நான் எழுந்து சொன்னேன். அதற்குள் எல்லோரும் கைதட்டிவிட்டார்கள், அதில் உன் அப்பாவும் ஒருவர். என் பார்வையைப் பார்த்ததும் கொசு அடித்த மாதிரி கையைத் தேய்த்துக்கொண்டார்.

அந்தப் பெட்டி வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, நம் மாடியில் குடியிருக்கிற பெண்ணுக்கு அது நடந்தது. உன் அறையில்தான் இருக்கிறாள், பல் ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுக்கிற வேலை, உன்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவள், சத்தமே இல்லாமல் படியேறுவாள். பஸ்ஸை விட்டு இறங்கிக் கிடங்குச் சுவர் ஓரமாக வந்துகொண்டிருந்தவளை ஸ்கூட்டரில் வந்தவன் ஒருவன் கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். இவள் சாப்பாட்டு டப்பா இருந்த பையைச் சுழற்றி அவன் முகத்தில் ஒரு போடு போட்டிருக்கிறாள், அவன் பிடியை விட, இவள் கீழே விழுந்து முழங்கை தோலுரிந்து ஓடி வந்திருக்கிறாள். நான் அன்றைய கடைசி வகுப்பை முடித்து முனையில் திரும்பும்போதுதான் அந்த ஸ்கூட்டர் என்னை உரசுகிற மாதிரி தாண்டிப் போனது. இடது பக்கக் கண்ணாடி இல்லாத வண்டி. என் பிழைப்பே கண்ணாடி பார்ப்பதுதானே, அது கண்ணில் பட்டுவிட்டது, ஆளின் முகம் படவில்லை. வீட்டுக்கு வந்தால் இவள் நம் கீழ்ப்படியில் உட்கார்ந்து நசுங்கிய டப்பாவை மூடப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், மூடி பொருந்தவில்லை, திரும்பத் திரும்ப அதையே செய்துகொண்டிருந்தாள். மருந்து வைத்துக் கட்டி, சூடாகக் குடிக்கக் கொடுத்து, நம் கூடத்திலேயே படுக்க வைத்தேன்.

விடிந்ததும் பூட்டு மாமா இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நலம் விசாரிக்க என்று நினைத்து நாற்காலி போட்டேன். என்ன தாயி, உயிருக்கு ஒண்ணும் இல்லையே, அப்புறம் எதுக்கு ஊரைக் கூட்டணும், ஒரு பேப்பர்ல எழுதிப் பெட்டியில போடு, நாங்க பாத்துக்கறோம் என்றார் அவளிடம். எதைப் பார்த்துக்கொள்வாராம்? பூட்டையா? அந்தப் பெண்ணும் தலையாட்டிவிட்டாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவளுக்கு வேறு பயம். வீட்டுக்குத் தெரிந்தால் வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று ஊருக்குக் கூப்பிட்டுக்கொண்டு போய்விடுவார்களாம், இந்த வேலையைப் பிடிக்க அவள் வீட்டில் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமில்லையாம். பூட்டு மாமா கூட்டத்தை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, நான் அவளிடம் எதையும் வற்புறுத்தவில்லை, நீ போனால் நான் கூட வருகிறேன், நான் பார்த்ததை நானும் எழுதிக் கொடுக்கிறேன், போகாவிட்டால் அதற்காக உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

அன்றைக்கு மத்தியானம் அப்பா உன்னிடம் எல்லாவற்றையும் உளறிக் கொட்டியிருக்கிறார், உடனே நீ எனக்குச் செய்தி அனுப்புகிறாய். அந்தப் பெண்ணை வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல், நீ சாட்சி கீட்சி என்று போகாதே, நம் வீட்டு விலாசம் அதில் ஏறிவிடும், ஏற்கெனவே சிவப்பு, இன்னும் சிவப்பாகிவிடும் என்று. பூட்டு மாமா சொன்னால் அவர் வீட்டை விற்க நிற்கிறார், சுயநலம், விட்டுத் தள்ளலாம். நீ சொல்லலாமா? ஆபத்து இருக்கிறது என்று காட்டத்தானே எனக்குப் படம் அனுப்பினாய், அந்த ஆபத்து நம் வாசல்படியில் வந்து உட்கார்ந்திருக்கும்போது அதைக் கணக்கில் ஏற்றாதே என்கிறாயே, இது என்ன நியாயம்? உன் வயதுப் பெண், உன் கட்டிலில் படுத்திருக்கிறாள். நான் பெற்ற பெண்ணா இப்படி எழுதினாள் என்று அப்பாவிடம் கேட்டேன், அவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் அவளே வந்து, ஆன்ட்டி போகலாமா என்று கேட்டாள். போனோம். அப்பாவும் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, அந்த முழங்காலோடு கூடவே வந்தார், அதற்காக அவருக்கு அந்தக் கைதட்டலை மன்னித்துவிட்டேன். கண்ணாடியைத் தேடுகிற அதே பெண்தான் எழுதிக்கொண்டாள். நான் இடது கண்ணாடி இல்லாத ஸ்கூட்டர் என்று சொன்னதும் பேனாவை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் தேடினாள். அதே கிடங்குச் சுவர், அதே சாயங்கால வேளை, கண்ணாடி உடைந்த ஸ்கூட்டர் என்று இதற்கு முன் இரண்டு பெண்கள் தனித்தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒருத்தி பக்கத்துத் தெரு, இன்னொருத்தி யாரோ பஸ் மாற வந்தவள். ஒருத்தருக்கொருத்தர் தெரியாது. இது மூணாவது, இப்ப நான் மேலே கேட்கலாம், அந்தச் சுவர் ஓரம் அந்த நேரத்துக்கு ஆள் போடச் சொல்லலாம் என்றாள். கணக்கு என்றால் அதுதான் கணக்கு. எந்த இடம், எந்த வேளை, எப்படிப்பட்டவன் என்று கேட்டால் அது பதில் சொல்கிறது. எங்கள் பெண் பச்சைப் பெட்டியில் எழுதிப் போட்டிருந்தால் அந்த இரண்டு பேர் எழுதியதும் வீணாகத் தூங்கிக்கொண்டிருந்திருக்கும். நேற்று முதல் சுவர் ஓரம் இரண்டு போலீஸ்காரர்கள் நிற்கிறார்கள். அவன் இன்னும் அகப்படவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பூட்டு மாமா என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போகிறார், போகட்டும், ரோடு அகலம்தான்.

இவ்வளவோடு இந்தக் கடிதத்தை முடித்திருப்பேன். ஆனால் நம் மாடிப் பெண் ஸ்டேஷனில் சொன்னது ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. சம்பவம் நடக்கும்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டதற்கு, அம்மாகூடப் போன்ல பேசிட்டு வந்தேன், எப்பவும் அந்த ரோட்டைத் தாண்டற வரைக்கும் அம்மாகூடப் பேசிட்டேதான் வருவேன், பேசறதுக்கு ஒண்ணும் இருக்காது, சும்மா எதையாவது கேட்பேன், யாரோ கூட இருக்காங்கனு தெரிஞ்சா கிட்ட வர மாட்டாங்கல்ல என்றாள். கத்தினது அவள் அம்மாவுக்கும் கேட்டிருக்கிறது. நாய் துரத்துச்சும்மா என்று சொல்லிவிட்டாளாம்.

நான் அந்த பெஞ்சில் உட்கார்ந்தபடியே உன்னை நினைத்துக்கொண்டேன். நீ தினமும் வேலை விட்டு நடந்து வரும்போதுதான் என்னைக் கூப்பிடுகிறாய். என்ன சமைத்தாய் என்று கேட்பாய், நான் சொல்வது உன் காதில் விழாது, ஏனென்றால் திரும்பவும் அதையே கேட்பாய். கதவுப் பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்கும், உடனே சரிம்மா வைக்கிறேன் என்பாய். மகளுக்கு என் மேல் எவ்வளவு பாசம், ஒருநாள் தவறுவதில்லையே என்று நான் வகுப்புக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன மாதம் ஒருநாள் பேச்சு நடுவில் நின்றுபோய், உனக்கு மூச்சு வாங்கியது. என்னடி என்று கேட்டதற்கு மாடிப்படி ஏறினேன் என்றாய். உன் வீடு தரைத்தளம்.

உன் ஊர்ப் படத்தையும் அப்பாவைத் தேடி எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். உன் தெரு முழுக்கப் பச்சை, ஒரு புள்ளிகூட இல்லை. நீயும் எழுதவில்லை என்பதுதான் அதில் எனக்குத் தெரிந்தது. என்ன நடந்தது, யார் அவன், எத்தனை நாளாக என்று எனக்குச் சொல். எனக்குச் சொல்ல முடியாவிட்டால் பரவாயில்லை, அங்கே ஸ்டேஷனில் எழுதுகிறவர்களிடம் சொல். உனக்கு முன்னால் இரண்டு பேர் எழுதிவிட்டு மூன்றாவது ஆளுக்காகக் காத்திருக்கிறார்களோ என்னவோ. வீட்டுக்கு வா என்று நான் கூப்பிட மாட்டேன், உன் வேலையை விடச் சொல்ல மாட்டேன், அந்தப் பயத்தில் நீ மறைத்திருந்தால் அதை இன்றோடு விட்டுவிடு. அதுவரைக்கும் தினமும் கூப்பிடு, சமையலைப் பற்றியே கேள், எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்கிறேன்.

நீ ஒரு குறையும் இல்லாமல், யாருக்கும் பயப்படாமல், நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் மனசார வாழ்த்துகிறோம். இருமலுக்கு மாத்திரையை விழுங்கு. ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகாதே, கூட வேலை செய்கிற யாரையாவது கூட்டிக்கொண்டு போ, எழுதிக் கொடுத்ததும் நகல் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளாமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதே.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத, உன் போனுக்காகக் காத்திருக்கிற
அம்மா